வினையடை எங்கே நிற்கிறது?

'லி' என்று முடிந்தால் அட்வெர்ப், அதாவது வினையடை. ஆங்கில இலக்கண வகுப்பில் பலரும் இப்படித்தான் மனப்பாடம் செய்திருப்போம். ஆனால் 'சூன்', 'ஆஃபன்' போன்றவை 'லி' இல்லாமலே வினையடைகள். 'ஃப்ரெண்ட்லி' என்பதோ 'லி' இருந்தும் பெயரடை. எனவே சொல்லின் வாலை விடுங்கள். வாக்கியத்தில் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ருசியே அங்கேதான் இருக்கிறது.

'ஒன்லி'யை நகர்த்திப் பாருங்கள்

'மீனா ட்ரிங்க்ஸ் காபி ஆன் சண்டேஸ்.' இதில் மீனாவுக்கு முன்னால் 'ஒன்லி' போட்டால், ஞாயிறன்று காபி குடிப்பவள் மீனா மட்டும்தான். காபிக்கு முன்னால் போட்டால், அன்று அவளுக்கு டீ கிடையாது. 'ஆன் சண்டேஸ்' என்பதற்கு முன்னால் போட்டால், மற்ற ஆறு நாளும் காபி கிடையாது. பேச்சில் பெரும்பாலும் 'ஒன்லி' வினைக்கு முன்னாலேயே வந்துவிடும். அப்போது எந்தச் சொல்லை அழுத்திச் சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

தமிழில் 'தான்' சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில்தான் 'இங்கேதான் இருக்கேன்' என்பதை 'ஐ ஆம் ஹியர் ஒன்லி' என்று நம் ஊரில் சொல்கிறோம்.

ஒரு காற்புள்ளி செய்கிற வேலை

'ஹேப்பிலி, ஹீ டிட் நாட் டை' என்றால் நல்லவேளை, அவர் பிழைத்துக்கொண்டார். 'ஹீ டிட் நாட் டை ஹேப்பிலி' என்றால் அவர் இறந்துவிட்டார். நிம்மதியாகப் போய்ச் சேரவில்லை. இங்கே முன்னால் நின்று காற்புள்ளி பெற்ற வினையடை, சொல்பவரின் மனதைக் காட்டுகிறது. கடைசியில் நிற்பது, செயல் நடந்த விதத்தைக் காட்டுகிறது.

'லி' சேர்ந்தால் பொருள் மாறும்

'ஹீ வொர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறார். 'ஹீ ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் வேலையே செய்வதில்லை என்று சொல்லிவிடலாம். சிபாரிசுக் கடிதம் எழுதும்போது கவனம் தேவை! 'லேட்' என்பது தாமதமாக. 'லேட்லி' என்பது சமீப காலமாக.

எப்போது வேண்டாம்?

நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் 2000-ல் வெளிவந்த 'ஆன் ரைட்டிங்' நூலில் வினையடைகளைக் கடுமையாகச் சாடுகிறார். பொருத்தமான வினைச்சொல் கிடைத்துவிட்டால் வினையடைக்கு வேலையில்லை. 'கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றான்' என்பதைவிடக் 'கொறித்தான்' கச்சிதம் அல்லவா? அப்படியே 'வாக்டு ஸ்லோலி' இருக்குமிடத்தில் 'ஸ்ட்ரோல்டு' போட்டுப் பாருங்கள். ஆனால் 'ஒன்லி', 'ஹார்ட்லி', 'நெவர்' போன்றவற்றை எடுத்தால் சொல்ல வந்த சேதியே மாறிவிடும்.

நாளைக் காலை ஆங்கில நாளிதழில் ஒரு பத்தியை எடுங்கள். வினையடைகளை அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றையும் ஒருமுறை இடம் மாற்றி, ஒருமுறை நீக்கி, வாய்விட்டுப் படியுங்கள். எது போனாலும் குறையில்லை, எது போனால் வாக்கியமே சாய்கிறது என்பது பழகப் பழகப் பிடிபடும். பிறகு ஆங்கிலம் படிப்பதே தனி இன்பம்.