பத்து வாசல்கள்

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் பிள்ளைகளின் கூச்சத்தைப் போக்கச் சில விளையாட்டுகளை ஆசிரியர்கள் நடத்துவதுண்டு. பயிற்சி முகாம்களில் இவற்றை ‘ஐஸ் பிரேக்கர்’ என்பர். வட்டமாக நிற்க வேண்டும். பந்தைப் பிடித்த பிள்ளை தன் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். நம் மறைக்கல்வி வகுப்புகளிலும் இதைச் செய்கிறோம். ஆனால், கூச்சமுள்ள குழந்தையை வட்டத்தின் நடுவே நிறுத்திவிட்டால் உறவு பிறந்துவிடுமா? இக்கேள்வியோடு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவையை இலக்கியமாக அண்மையில் மீண்டும் வாசித்தேன்.

அதன் 30 பாசுரங்களுள் 6 முதல் 15 வரை உள்ள பத்தும் தோழியரை எழுப்பும் பாடல்கள். நோன்புக்குச் செல்லும் பெண்கள் வராதவளை விட்டுவிட்டுப் போவதில்லை; அவள் வாசலுக்கே வருகிறார்கள். அழைப்பும் வாசலுக்கு வாசல் மாறுகிறது. ஒருத்தியை மாமன் மகளே என்று உறவு சொல்லி அழைக்கிறார்கள்; அவளை எழுப்பும்படி அவள் தாயையும் வேண்டுகிறார்கள். இன்னொருத்தியைக் கும்பகருணனோடு ஒப்பிட்டுக் கேலி செய்கிறார்கள். எல்லாரையும் எழுப்புவதாக வாய்ச்சொல் கொடுத்துவிட்டு உறங்குபவளிடம் அதை நினைவூட்டுகிறார்கள். அவரவர் இயல்பறிந்த அழைப்பு இது. ஆகவே கேலியும் புண்படுத்துவதில்லை.

15-ஆம் பாசுரம் முழுவதும் உரையாடல். உள்ளிருப்பவளுக்கும் வெளியே நிற்பவர்களுக்கும் சொற்போர் மூள்கிறது. குற்றம் என்னுடையதாகவே இருக்கட்டும் என்று உள்ளிருப்பவள் ஏற்றதும் பூசல் தணிகிறது. பிணக்கைத் தீர்க்கும் இப்பண்பை எந்தப் பந்து விளையாட்டு கற்றுத்தரும்?

எனினும் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஆண்டாள் பாடும் பெண்கள் அனைவரும் ஒரே ஆயர்குலத்தவர். நம் வகுப்பறை அப்படியன்று. உன் தெரு எது, அப்பாவுக்கு என்ன வேலை என்று விளையாட்டாகக் கேட்கும் கேள்வியே இங்கு சாதியை வெளிப்படுத்திவிடும். கூச்சத்தைப் போக்கும் கேள்வி அந்தக் குழந்தையைக் கூனிக்குறுக வைக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் உடன்பயின்ற மாணவர்களாலேயே வெட்டப்பட்டதை நாம் மறக்கலாகாது. அதன்பின் அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவும், மாணவரை அகரவரிசைப்படி அமர்த்தவும் அது பரிந்துரைத்தது. அருகருகே அமர்த்துவது இன்றியமையாதது. ஆயினும் ஒரே பலகையில் அமர்ந்தும் பேசாமலிருக்கப் பிள்ளைகளால் முடியும்.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, மறைக்கல்வி ஆசிரியர்களே, விளையாட்டுகளைக் கைவிட வேண்டாம், கேள்விகளை மாற்றுவோம். தெருவைக் கேட்பதை விட்டு, பிடித்த பாட்டைக் கேட்போம். பேசத் தயங்கும் பிள்ளையை நடுவில் நிறுத்தாமல், முதலில் ஒரே ஒரு தோழனோடு பேசவிடுவோம். நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பதும் இவ்வாறுதான்.

அப்பாசுரத்தில், எல்லாரும் வந்துவிட்டார்களா என்று உள்ளிருப்பவள் கேட்கிறாள். நீயே வந்து எண்ணிக்கொள் என்கிறார்கள் தோழியர். நம் வகுப்புகளில் வருகைப் பதிவை ஆசிரியர் எடுக்கிறார். வராத பிள்ளையைப் பற்றி, அடுத்த தெருப் பிள்ளை என்றைக்குத் தானாகவே விசாரிக்கிறதோ, அன்றுதான் நம் விளையாட்டு பலித்தது எனலாம்.