அழைப்பு வசதியற்ற கைக்கணினி

தொலைபேசி வசதியின்றி, இணையச் செய்திகளைப் பெறுவதற்கும் படிப்பதற்கும் ஏற்ப அமைந்த மலிவான கைக்கணினிகளுள், 2011 அக்டோபர் 5 அன்று புதுதில்லியில் வெளியிடப்பட்ட ‘ஆகாஷ்’ பாராட்டுக்குரிய முயற்சியாகும். ராஜஸ்தான் ஐ.ஐ.டி.யும் டேட்டாவிண்ட் நிறுவனமும் இணைந்து மாணவர்களுக்காக உருவாக்கிய அக்கருவி, 7 அங்குலத் திரையும் 256 எம்.பி. நினைவகமும் வைஃபை எனப்படும் கம்பியில்லா இணைப்பும் கொண்டு, ஏறத்தாழ 50 டாலர் விலையில் அமைந்தது. விரலின் அழுத்தத்தால் இரு படலங்கள் தொட்டுக்கொள்ளும்போது இயங்கும் அதன் திரை மந்தமானதே. ஆயினும், எதை விட்டால் விலை குறையும் என்று துணிந்து சிந்தித்த வடிவமைப்பு அது.

தூத்துக்குடிக் கடற்கரைக்கு அத்துணிவு மிகவும் பொருந்துகிறது. தருவைகுளத்திலிருந்தோ புன்னைக்காயலிலிருந்தோ புறப்படும் படகு, கைபேசிக் கோபுரங்களின் எல்லையைக் கடந்ததும், அழைப்பு வசதி பயனற்றுப்போக, பேசும் தேவையைப் படகிலுள்ள வி.எச்.எஃப். வானொலியே நிறைவேற்றுகிறது. ஐதராபாத்திலுள்ள இந்திய தேசிய பெருங்கடல் தகவல் சேவை மையம், கடல்பரப்பின் வெப்பநிலையையும் நுண்பாசிகளின் பச்சையத்தையும் செயற்கைக்கோள்வழி அளந்து கணிக்கும் மீன்வளப் பகுதிகளையும், அலையுயர முன்னறிவிப்பையும் கரையிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, செயற்கைக்கோள் இடங்காட்டியின் துணையுடன் கடலில் பார்ப்பதற்கு ஒரு திரை போதும். அத்திரை நண்பகல் வெயிலில் தெளிவாகத் தெரிவதும், உப்புநீர் புகாத உறையுடன் ஈரக்கைக்கும் இணங்குவதும், கூடுதல் பணம் செலவிடத்தக்க கூறுகளாகும்.