பெயின்ட் பூசாத படகு

அமெரிக்காவின் வடமேற்குக் கரையில், ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களில், ஆழ்கடலுக்குப் போய்த் தூண்டில் போடுகிறவர்களிடம் ஒரு விசித்திரமான ரசனை உண்டு. லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துப் புது அலுமினியப் படகு வாங்குவார்கள். வாங்கும்போதே பெயின்ட் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். சனிக்கிழமை விடியற்காலையில் டிரெய்லர்களில் வரிசை கட்டி நிற்கும் இந்தச் சாம்பல் நிறப் படகுகளைப் பார்த்தால், வேலை முடியும் முன்பே பட்டறையிலிருந்து இழுத்து வந்துவிட்டார்களோ என்று தோன்றும். கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். பெயின்ட் அடித்தால் எதெல்லாம் மறைந்துபோகும் என்று தெரிந்தவர்களின் தேர்வு அது.

ஃபைபர் படகு அச்சில் பிறப்பது. அச்சு நன்றாக அமைந்துவிட்டால் நூறாவது படகும் முதல் படகைப் போலவே பளபளக்கும். அலுமினியப் படகைத் தகடு தகடாக வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்துத்தான் கட்டியாக வேண்டும். வெட்டும் வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஒட்டும் வேலை இன்னும் பெரும்பாலும் மனிதக் கைகளில்தான் இருக்கிறது. அதனால் ஒரே மாடலில் இரண்டு படகுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் ஒன்று நன்றாகவும் இன்னொன்று சுமாராகவும் இருக்கலாம். விளம்பரப் புத்தகத்தைப் பார்த்து வாங்க முடியாத பொருள் இது. குனிந்தும் படுத்தும் பார்க்க வேண்டும்.

முதலில் இந்தப் படகுகளின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. கடலுக்குப் போகும் இவற்றில் பல, கடலே தெரியாத ஊர்களில் கட்டப்படுகின்றன. டக்வொர்த், தண்டர் ஜெட் படகுகளின் ஊரான கிளார்க்ஸ்டன், ஸ்நேக் ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கிருந்து ஆற்று வழியாகப் பசிபிக்கை அடைய சுமார் 465 மைல் போக வேண்டும். ஹ்யூஸ்கிராஃப்ட் பிறந்த கால்வில்லும், நார்த் ரிவரின் ரோஸ்பர்க்கும் உள்நாட்டு ஊர்களே. காரணம் எளிது. 1950களில் நியூசிலாந்துக்காரர் பில் ஹாமில்டன் உருப்படுத்திய, நீரைப் பின்னோக்கிப் பீய்ச்சிப் படகைத் தள்ளும் ஜெட் உந்துமுறை, பாறைகள் நிறைந்த மேற்கு அமெரிக்க ஆறுகளுக்கு வந்து சேர்ந்தது. ஸ்நேக் ஆற்றின் ஹெல்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கில் பாறையில் மோதினால் ஃபைபர் பிளக்கும். அலுமினியம் நசுங்கும், அவ்வளவுதான். நசுங்கிய படகு வீடு வந்து சேரும். ஆற்றுக்காகத் தேர்ந்த அந்தக் கைகள்தான் பிறகு பெரிய படகுகளைக் கட்டி, கேபின் வைத்து, கடலுக்கு அனுப்பத் தொடங்கின.

ஆகவே கடைக்காரர் காட்டும் படகு உண்மையிலேயே கடலுக்காக வரையப்பட்டதா, கேபின் ஏறிய ஆற்றுப் படகா என்பதே வாங்க வருபவரின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். விடை அடிப்பாகத்தில் இருக்கிறது. ஏராவிலிருந்து, அதாவது அடிப்பாகத்தின் நடுமுதுகிலிருந்து, இரண்டு பக்கமும் அடித்தகடு மேல்நோக்கிச் சரியும் கோணத்தை டெட்ரைஸ் என்கிறார்கள். ஆற்றுப் படகுக்கு 8 முதல் 12 டிகிரி போதும். முழங்கால் ஆழத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு ஓட அதுவே தோது. அதே அடிப்பாகம் கடலில் ஒவ்வொரு அலையிலும் அறை வாங்கும், முதுகெலும்புக்கும் பங்கு கொடுக்கும். ரேமண்ட் ஹன்ட் வரைந்த ஆழமான ‘வி’ வடிவப் படகு 1960-இல் மயாமி–நாசாவ் பந்தயத்தில் கொந்தளிக்கும் கடலைக் கிழித்துக்கொண்டு ஜெயித்த பிறகு, கடல் படகென்றால் கோணம் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இந்தக் கரையில் 18-க்குக் குறைந்தால் நான் யோசிப்பேன். 20, 21 டிகிரி என்றால் மனம் நிம்மதி அடையும். எண்ணை அமரத்தில், அதாவது பின்பக்கத்தில், அளந்து சொல்லச் சொல்லுங்கள். அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், எல்லாப் படகும் கூர்மையாகத்தான் இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி விற்கிறவர்களும் உண்டு.

ஆழமான கோணத்துக்கு ஒரு விலை உண்டு. ஓடும்போது சுகம், நின்றால் ஆட்டம். ஹாலிபட் மீனுக்காகப் படகை நிறுத்தி நூலை அடித்தரைக்கு இறக்கிவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்கும்போது, பக்கவாட்டில் உருளும் படகு வயிற்றைப் புரட்டிவிடும். இதற்கு நியூசிலாந்துக்காரர்கள் கண்ட தீர்வுகளை என்னால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை. சர்ட்டீஸ் படகின் ஏராவுக்கு மேலே ஒரு வெற்றறை ஓடுகிறது. படகு நின்றதும் கடல்நீர் அதற்குள் தானாகப் புகுந்து, படகைக் கீழே அழுத்தி நிலைநிறுத்தும். வேகம் எடுத்ததும் நீர் பின்வழியே கொட்டிவிடும். பம்ப் கிடையாது, ஓட்டுநர் அதற்காக எதுவும் செய்ய வேண்டியதும் இல்லை. இன்வர்கார்கில் நகரில் 1987-இல் தொடங்கிய ஸ்டேபிகிராஃப்ட், ரப்பர் காற்றுப் படகின் யோசனையை அலுமினியத்தில் செய்து பார்த்தது. இரண்டு பக்கமும் அறை அறையாக மூடிய காற்றுக் குழாய்கள். ஓர் அறை ஓட்டையானாலும் மற்றவை தாங்கும். பார்ப்பதற்குக் கொஞ்சம் தடித்த, அழகில்லாத படகு. நிற்கும்போது அதன் நிலைத்தன்மையைப் பார்த்தால் அழகைப் பற்றிய புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.

இனி தகடு. கடல்நீரில் நிற்கும் தகடு என்றால் 5083, 5086 ஆகிய கலவைகள். 5083-இல் நூற்றுக்கு நாலரை பங்குபோல மக்னீசியம் இருக்கும். நல்ல கடல் படகில் அடித்தகடு கால் அங்குலம், பக்கத்தகடு அதைவிட மெல்லியது. கடைக்காரர்கள் தடிமனைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். தடிமன் பாதி விஷயம்தான். தகட்டுக்குப் பின்னால் வங்குகள், அதாவது குறுக்குச் சட்டங்கள், எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன, நீளவாட்டுச் சட்டங்கள் அணியம்வரை போகின்றனவா, நடுவிலேயே நின்றுவிடுகின்றனவா என்பது மறுபாதி. இதை ஓரளவு வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது படகின் ஒரு முனையில் நின்று பக்கத்தகட்டின் வழியே கண்ணை ஓட்டுங்கள். பட்டினி கிடந்த மாட்டின் விலா மாதிரி வங்குகள் வரிவரியாகத் தெரிந்தால், வெல்டிங் சூட்டைக் கட்டுப்படுத்தத் தெரியாத பட்டறை அது. பெயின்ட் அடித்த படகில், அதுவும் வண்ணப்பட்டைகள் ஒட்டிய படகில், இது அவ்வளவாகத் தெரியாது.

வெல்டிங்குக்கு வருவோம், இந்தக் கலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆனால் காற்றுப் பட்டதுமே அதன்மேல் படரும் ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே இருப்பது குழம்பாகிவிடும், தோல் மட்டும் அப்படியே நிற்கும். எனவே அலுமினியத்துக்கென்றே ஒதுக்கி வைத்த ஸ்டெயின்லெஸ் பிரஷால் தோலைத் தேய்த்தெடுத்து, தாமதிக்காமல் ஒட்டியாக வேண்டும். தகட்டில் துளி ஈரம் இருந்தாலும் ஹைட்ரஜன் உள்ளே மாட்டிக்கொண்டு ஊசித்துளைகள் விழும். அலுமினியம் இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது. பளபளவென்று இருந்துகொண்டே திடீரென்று ஓட்டை விழுந்துவிடும். இவ்வளவையும் சமாளித்து, இருபத்து நாலு அடிப் படகைச் சுற்றி ஒரே சீராகக் கோடு இழுப்பவர் சாதாரண ஆள் இல்லை.

காசுகளை அடுக்கிச் சாய்த்து வைத்தாற்போன்ற வரிவரியான வெல்டிங்கைப் பார்த்து எல்லோரும் மயங்குவார்கள். நானும் மயங்குவேன். ஆனால் இப்போதைய பல்ஸ் இயந்திரங்களில் ஒரு பட்டனை அழுத்தினாலே அந்த வரிகள் விழும். எனவே கோட்டின் நடுப்பகுதியை விட்டுவிட்டு, தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் பார்க்க வேண்டும். அலுமினியம் சூட்டை வேகமாக இழுத்துக்கொண்டு போய்விடுவதால் தொடக்கத்தில் உலோகம் குளிர்ந்திருக்கும். அங்கே வெல்டிங் தகட்டுக்குள் இறங்காமல் மேலே உருண்டு உட்கார்ந்துவிடும் ஆபத்து உண்டு. முடிவில் வெல்டிங் கன்னைச் சட்டென்று எடுத்தால் ஒரு குழி விழும். குழியின் நடுவே மயிரிழை போன்ற விரிசல் நட்சத்திர வடிவில் இருக்கும். தேர்ந்த வெல்டர் கடைசியில் அரை அங்குலம் பின்னோக்கி வந்து, குழியை நிரப்பிவிட்டுத்தான் கையை எடுப்பார். சட்டங்களின் நுனியில் வெல்டிங் சுற்றி வளைந்து மறுபக்கத்தோடு சேர்ந்திருக்க வேண்டும். இரும்புக்கு, ஓர் அளவுக்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. அலுமினியத்துக்கு அப்படி எல்லையே இல்லை. சின்னச் சின்ன அதிர்வுகளையும் கணக்கில் வைத்துக்கொண்டே போகும். விரிசல் பெரும்பாலும் இப்படிச் சுற்றி முடிக்காத ஒரு நுனியில்தான் தொடங்கும்.

இதையெல்லாம் பார்க்க வேண்டிய இடம் டெக்குக்குக் கீழே. டார்ச் லைட்டோடு போங்கள். தரை மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். வெளியே சித்திரம் எழுதின மாதிரி இருந்த வெல்டிங், உள்ளே மூலையில் தெறிப்பும் கரியுமாக இருக்கக் காணலாம். திறக்க மூடியே இல்லாமல் டெக்கை முழுக்க அடைத்துவிட்டார்களா? அந்தப் படகை மறந்துவிடுங்கள். அடியறைகளில் ஊற்றி நிரப்பிய ஃபோம் இருந்தால் அதிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. வருஷக்கணக்கில் அது உப்புத்தண்ணீரைக் குடித்து, தகட்டோடு ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். காற்றுப் படாத அந்த ஈரத்தில் தகடு குழி குழியாக அரிக்கும். மூடிய காற்றறைகளோ, கழற்றி எடுக்கக்கூடிய ஃபோம் கட்டிகளோ மேல். அமெரிக்கச் சட்டப்படி 20 அடிக்குக் குறைந்த அவுட்போர்டு படகுகள் தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காமல் மிதக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட நீளத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பது வாங்குகிற பலருக்குத் தெரியாது.

அலுமினியத்தின் பெரிய எதிரி தாமிரம். தாமிரம் கலந்த பாசிதடுப்புப் பெயின்ட், தாமிர மருந்தேற்றிய பிளைவுட், அடியறையில் தவறி விழுந்த ஒரு செப்புக்காசு, எதுவானாலும் உப்புநீர் சேர்ந்ததும் பேட்டரி வேலையைத் தொடங்கிவிடும். காசு கிடந்த இடத்தில் காசளவு ஓட்டை என்று பழைய ஆட்கள் சொல்வது வெறும் கதையில்லை. மின்கம்பிகளிலும் இதே கவனம் வேண்டும். கார்களில் செய்வதுபோல் உடம்பையே மைனஸ் கம்பியாகப் பயன்படுத்தக் கூடாது. போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. பெயின்ட் வேண்டாம் என்பதற்கும் இங்கே காரணம் இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் போல்ட் இறங்கும் துளைகளைச் சுற்றி உப்புநீர் புகுந்து, பெயின்ட்டுக்கு அடியில் வெண்பொடி கிளம்பும். சில வருஷங்களில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். வெற்றுத் தகட்டில் மங்கல் விழும், கறை படியும். அரிப்பு வந்தால் அன்றைக்கே கண்ணில் படும்.

கடைசியில் கடலோட்டம். அமைதியான ஏரியில் ஓட்டிக் காட்டினால் மறுத்துவிடுங்கள். இந்தக் கரையில் கடலுக்குப் போவதென்றால் முகத்துவாரத்தைத் தாண்டியாக வேண்டும். கொலம்பியா ஆற்றின் முகத்துவாரம் 1792 முதல் ஏறத்தாழ 2,000 கலங்களை விழுங்கியிருக்கிறது. ஆற்று வெள்ளமும் இறங்குகிற ஓதமும் மேற்கிலிருந்து வரும் அலையோடு மோதும் இடம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை தன் மீட்புப் படகோட்டிகளுக்கு அங்கேதான் பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறது. அவர்கள் ஓட்டும் 47 அடி மீட்புப் படகு, 20 அடி உடையலையையும் 50 நாட் காற்றையும் தாங்கும்படி வரையப்பட்டது, கவிழ்ந்தாலும் தானே நிமிர்வது. அதுவும் அலுமினியம்தான்.

ஓட்டிப் பார்க்கும்போது அலையை எதிர்த்து ஓட்டுவதைவிட, அலை பின்னாலிருந்து தள்ளும்போது படகு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அணியம் தண்ணீரில் புதைந்து ஒரு பக்கமாக இழுத்தால், முகத்துவாரத்தில் திரும்பி வரும்போது பெரிய வம்பு. எஞ்சினை நிறுத்திவிட்டு நாலு பேரைப் பின்மூலையில் ஒன்றாக நிற்கச் சொல்லுங்கள். வடிகால் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தால், தானே வடியும் டெக் என்று விளம்பரத்தில் போட்டிருப்பது வடியாது. சத்தத்துக்கும் காது கொடுங்கள். அலுமினியம் கொஞ்சம் சத்தம் போடத்தான் செய்யும். தும் என்ற கனத்த ஒலி சரி, டின் அடித்த ஒலி கேட்டால் சட்டங்கள் தூர தூரமாக இருக்கின்றன.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். ஜூலை முதல் செப்டம்பர்வரை, கரையிலிருந்து முப்பது ஐம்பது மைல் தள்ளி நீலத் தண்ணீரில் வரும் ஆல்பகோர் சூரைக்காகப் போகிறவருக்கு, 24 அல்லது 25 அடி, அனுமதிச் சீட்டில்லாமல் சாலையில் இழுத்துப்போக எட்டரை அடிக்கு மிகாத அகலம், பின்னால் 20 டிகிரி, கால் அங்குல 5083 அடித்தகடு, பின்சுவர் முழு உயரம், மோட்டார் அதற்கு வெளியே தாங்கியில், பெரிய மோட்டார் நின்றுபோனால் வீடு வர ஒரு சின்ன மோட்டார், திறக்கக்கூடிய டெக். பெயின்ட் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல ரேடாரும் உயிர்காப்பு மிதவையும் வாங்கிக்கொள்ளுங்கள்.