ஒட்டுதலும் உரைநடையும்: அறிவியற்றமிழ் பற்றிய ஒரு விமர்சனக் குறிப்பு

அறிவியலைத் தமிழில் எழுதுவோர் கலைச்சொல் போதாதென்றே பெரிதும் குறைபடுவர். கலைப்பீட மாணவனாகிய எனக்கு வேறொரு குறை புலப்படுகின்றது. பெயர்ச்சொற்களைத் தேடிய நாம் வினைச்சொற்களைக் கவனியாது விட்டோம். "ஒட்டுகின்றது" என்னும் வினை இதற்குத் தக்க சான்றாகும்.

ஏ. பீ. எஸ். என்னும் பிளாத்திக்கின்மீது நிக்கல் பூசும் முறையை நோக்குவோம். பிளாத்திக்கு மின்னைக் கடத்தாது. எனவே நேரே மின்முலாம் பூசவியலாது. முதலில் குரோமிக்கமிலம் அதன் மேற்பரப்பிலுள்ள இறப்பர்த் துணிக்கைகளை அரித்து நுண்குழிகளை ஆக்கும். பின்னர் வெள்ளீயச் சேர்வையின் துணையோடு பலேடியத் துணிக்கைகள் படியவைக்கப்படும். பலேடியம் ஊக்கியாக நின்று கரைசலிலுள்ள நிக்கல் அயன்களைத் தாழ்த்த, உலோகம் குழிகளை நிரப்பி வளரும்.

இங்கு உலோகம் பெரும்பாலும் குழிகளிற் கொளுவியே நிற்கின்றது. அமிலத்தால் மேற்பரப்பில் உண்டாகும் ஒட்சிசன் கூட்டங்களும் ஓரளவு துணைபுரியும். அறுவலுவுள்ள குரோமியம் புற்றுநோய் விளைப்பது. அதனைத் தவிர்க்கும் மாற்று முறைகளுள் ஒன்றில் நைதரசன் கொண்ட அமைன் கூட்டங்கள் மேற்பரப்பில் இணைக்கப்படும். நைதரசன் தன் தனிச்சோடி இலத்திரன்களைப் பலேடியத்துக்கு ஈய, உண்மையான பிணைப்பு உண்டாகும். பொலித்தீன்மீது படியவைத்த பொன்படலமோ வந்தர்வாலின் நலிந்த விசையால் மட்டுமே பற்றியிருப்பதால், ஒட்டுநாடாவோடு உரிந்து வந்துவிடும்.

கொளுவல், பிணைதல், பற்றுதல் என மூன்று நிகழ்ச்சிகள். இவை யாவற்றையும் "ஒட்டுகின்றது" என்னும் ஒரு வினைக்குள் அடக்குகின்றோம். சிலவேளை "இரண்டறக் கலக்கின்றது" என்று அழகும் செய்கின்றோம். சைவ மரபில் ஆழ்ந்த பொருளுடைய அத்தொடர் இங்கு பொய்யாகிவிடுகின்றது. உலோகமும் பிளாத்திக்கும் இரண்டாகவே இருக்கின்றன. அவை சந்திக்கும் எல்லையே ஆராய்ச்சிக்குரிய பொருள்.

பொதுவாசகனுக்கு எளிமை வேண்டும் என்பர். ஆயினும் "கொளுவு" என்பது நம் வீடுகளில் வழங்கும் சொல்லன்றோ? எளிமை வேறு, மயக்கம் வேறு. "ஒட்டுகின்றது" என்று மட்டும் கற்ற மாணவன் படலம் ஏன் உரிந்ததென வினவமாட்டான். வினவினும் விடைகாண வழியறியான்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், பின்னர் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அன்றுதொட்டு நம்மிடம் சொல்லாக்க மரபொன்று உண்டு. அம்மரபு இனி வினைகளையும் எடைபோடுதல் வேண்டும். பொருளுக்குப் பெயரிடுவதோடு அறிவியல் முடிவதில்லை. அது என்ன செய்கின்றது என்று பிழையறக் கூறும்போதே தொடங்குகின்றது.