ஈ, தா, கொடு: மனு என்னும் பிரதி

தமிழில் மிக அதிகமாக எழுதப்படும் உரைநடை நாவலும் இல்லை, சிறுகதையும் இல்லை, மனு. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ் வாசலில், தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில், ஜெராக்ஸ் கடைப் பெஞ்சில் எழுதிக் குவிகிற இந்த எழுத்தை நம்முடைய விமர்சனம் எழுத்தாகவே மதித்ததில்லை. உள்ளடக்கமா உருவமா என்று நாம் மாய்ந்து மாய்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் முழுக்க, கரிசல்காட்டுச் சம்சாரி ஒருவர் தன் வாழ்நாளில் 'ஆசிரியராக' இருந்து வெளிவந்த ஒரே பிரதி மனுதான் என்பது நமக்கு உறைக்கவில்லை. அதையும் அவர் எழுதவில்லை; சொன்னார், வேறொருவர் எழுதினார். சொன்னது ஒன்று, எழுத்தில் ஏறியது ஒன்று. அந்த இடைவெளியைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் இரத்தலுக்கு மூன்று சொற்களைச் சொல்கிறார்: ஈ, தா, கொடு. கீழே நிற்பவன் மேலே இருப்பவனிடம் கேட்பது ஈ. சமமானவனிடம் கேட்பது தா. மேலே இருப்பவன் கீழ் நோக்கிக் கேட்பது கொடு. எம்.ஏ. வகுப்பில் இதைச் சொல்வளத்துக்குச் சான்று என்று எழுதி மார்க் வாங்கினோம். இது சொல்வளம் அல்ல; வாய் திறக்குமுன் நீ எந்தப் படியில் நிற்கிறாய் என்று மொழி கேட்கிற கேள்வி. நம்முடைய மனு முழுக்க ஈ-யின் இலக்கணத்தில் கட்டப்பட்டது. 'சமூகம் அய்யா அவர்களுக்கு', 'தாழ்மையுடன் சமர்ப்பிக்கும்', 'கருணை கூர்ந்து', 'வழங்கி உதவுமாறு', 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள'. கேட்கிறவரை முதலில் தரையில் உட்கார வைத்துவிட்டுத்தான் கேள்வியை எழுதவிடும் உருவம் இது. வறுமையை விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும், பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும், புருஷன் செத்ததைச் சொல்ல வேண்டும். கேட்பதற்கான காரணமே கேட்பவரின் பரிதாபம்தான்.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் செய்த முதல் காரியம் இந்த இலக்கணத்தில் கைவைத்தது. அதன் 6(2) பிரிவு, தகவலை எதற்காகக் கேட்கிறாய் என்று காரணம் கேட்கக் கூடாது என்கிறது. பதில் அனுப்ப ஒரு முகவரி போதும். இரண்டு வரிதான். ஆனால் மனு என்னும் பிரதியின் முக்கால் பாகத்தை அது தேவையற்றதாக்கிவிடுகிறது. பிள்ளைகளின் எண்ணிக்கை வேண்டாம், கருணை வேண்டாம். வெள்ளைத்தாளில், தமிழில், 'கீழ்க்கண்ட ஆவணத்தின் நகலைத் தருக' என்று எழுதி, பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டித் தபாலில் சேர்த்துவிடலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை. எழுதத் தெரியாதவர் வந்து வாயால் சொன்னால் அதை எழுத்தாக்க உதவ வேண்டியது பொதுத் தகவல் அலுவலரின் கடமை என்று 6(1) சொல்கிறது. அதாவது வேப்பமரத்தடி எழுத்தரின் வேலையை அதிகாரி செய்ய வேண்டும். இதைச் சொன்னால் ஆபீஸில் சிரிக்கிறார்கள். சட்டத்தில் இருப்பதைச் சொன்னால் ஏன் சிரிப்பு வருகிறது என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

சட்டம் தா என்கிறது. நம்முடைய கை இன்னும் ஈ என்றே எழுதுகிறது. என் கையும்தான்.

ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்து ஊர்ப் பெரியம்மா ஒருவர், எனக்கு ஒருவகையில் உறவு. நாலு ஏக்கர் மானாவாரிக் கரிசல். உளுந்து போட்டு, பிரீமியம் கட்டி, பூப்பிடிக்கிற நேரத்தில் மழை இல்லாமல் கருகிப்போனது. பக்கத்துக் குறுவட்டத்துக்கு இன்சூரன்ஸ் பணம் வந்தது, இவருக்கு வரவில்லை. 'படிச்ச புள்ள, ஒரு மனு எழுதுய்யா' என்றார். நான் எழுதினேன். தகவல் உரிமைச் சட்டத்தின்படி என்று தலைப்புப் போட்டு, 'எங்கள் ஊருக்கு ஏன் இழப்பீடு வழங்கப்படவில்லை? இது நியாயமா? இதற்கு யார் பொறுப்பு?' என்று இரண்டு பக்கம். நல்ல உரைநடை என்று எனக்கே ஒரு பெருமிதம். முப்பது நாளைக்குள் பதில் வந்தது, ஒற்றை வரியில்: கோரப்பட்டது தகவல் என்னும் வரையறைக்குள் வராது.

கோபம் வந்தது. பிறகு சட்டத்தை ஒழுங்காகப் படித்தபோது அதிகாரி பக்கமும் ஒரு பிடி இருப்பது தெரிந்தது. 2(எஃப்) பிரிவில் தகவல் என்றால் ஏற்கெனவே ஏதோ ஓர் உருவத்தில் இருக்கிற பொருள்: கோப்பு, குறிப்பு, பதிவேடு, உத்தரவு, மாதிரி. 'ஏன்' என்பது பதிவேட்டில் இல்லை என்றால் அதை உட்கார்ந்து உண்டாக்கித் தர வேண்டிய கட்டாயம் அலுவலருக்கு இல்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் 2011இல் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. நான் கேட்டது கேள்வியே அல்ல, குமுறல். ஈ-யின் இலக்கணத்தைச் சட்ட எண்ணால் மூடிவிட்டு, உள்ளே அதே பழைய மனுவைத்தான் எழுதியிருக்கிறேன்.

ஆகவே கேட்பதற்கு முன்னால், அரசு எந்தெந்தக் காகிதத்தை எழுதுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நகராட்சியிடம் 'எங்கள் தெரு ரோடு ஏன் ஆறு மாதத்தில் பெயர்ந்தது' என்று கேட்டால் பதில் இல்லை. அந்த வேலையின் மதிப்பீடு, பணி உத்தரவு, எம்-புக் என்று கான்ட்ராக்டர்கள் சொல்லும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், பில் தொகை கொடுத்த தேதி இவற்றின் சான்றிட்ட நகலைக் கேட்டால், ரோடு ஏன் பெயர்ந்தது என்பது தானாகத் தெரிந்துவிடும். 2(ஜெ) பிரிவில் வேலையையே போய்ப் பார்வையிடவும், போட்ட ஜல்லியில் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை இருக்கிறது. கோப்புகளை நேரில் புரட்டிப் பார்க்கலாம். முதல் ஒரு மணி நேரம் காசில்லை. தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டாலும் மனுவைத் திருப்பி அனுப்பக் கூடாது, ஐந்து நாளைக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றிவிட வேண்டும். முப்பது நாள் தாண்டினால் நகலுக்குக் கட்டணம் கேட்க முடியாது. பிறகு அதே துறையில் மேலுள்ளவரிடம் முப்பது நாளில் முதல் மேல்முறையீடு, அப்புறம் தொண்ணூறு நாளில் சென்னையிலுள்ள தகவல் ஆணையம். நாளொன்றுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 வரை அலுவலருக்குத் தண்டம் விதிக்கலாம். விதிக்கிறார்களா என்று கேட்காதீர்கள்.

'கதவு' கதையில் கி. ராஜநாராயணன் தீர்வை பாக்கிக்காக வீட்டுக் கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போவதைக் காட்டுகிறார். கதவு போன வீடும் குழந்தைகளும் நம் மனசில் நிற்கிறார்கள். தீர்வைக் கணக்கு எங்கே இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கதையும் கேட்கவில்லை, வாசகனும் கேட்கவில்லை. குறை சொல்லவில்லை. அந்தத் தலைமுறைக்குக் கணக்கு என்பது கேட்கக்கூடிய பொருளாக இல்லை. அது கர்ணம் வீட்டுப் பெட்டியில் இருந்தது. 1980இல் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழிக்கும்வரை ஊரின் அடங்கலைப் பார்க்க அவர் திண்ணையில்தான் போய் நிற்க வேண்டும், சிலருக்குத் திண்ணைக்கும் கீழே. ஆவணக்காப்பகம் என்ற சொல்லின் கிரேக்க வேர் அதிகாரியின் வீட்டைக் குறிக்கும் என்று தெரிதா 1995இல் எழுதினார். இதற்குக் கிரேக்கம் வரை போயிருக்க வேண்டாம், எந்தக் கரிசல் ஊருக்கு வந்திருந்தாலும் யாராவது சொல்லியிருப்பார்கள். அதே கரிசலில் பூமணி கழுகுமலை, சிவகாசிக் கலவரங்களின் பழைய ஆவணங்களைத் தேடிப் போய் 'அஞ்ஞாடி' எழுதினார். அதன் கதைநயத்தை நிறையப் பேசியாயிற்று. ஒரு சம்சாரி வீட்டுப் பிள்ளை ஆவணக்காப்பகத்துக்குள் நுழைந்து கட்டை அவிழ்த்தது பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை.

ஆவணம் பற்றித் தமிழில் உள்ள மிகக் கூர்மையான பிரதி என்று நான் நினைப்பது பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணம். கிழவர் ஓலையைக் காட்டி, நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் பறித்துக் கிழித்துப் போடுகிறார். கிழவர் பதறவில்லை. கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் கரணத்தான் ஓலையைப் பிரித்து, சபை கேட்க உரக்க வாசிக்கிறான். பாட்டனாரின் வேறொரு எழுத்தைக் காப்பிலிருந்து எடுத்துவந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நகல், மூலம், பொதுவில் வாசித்தல், கையெழுத்துச் சரிபார்த்தல் என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் பக்தியின் புகையில் ஒன்றை மறந்துவிடக் கூடாது: அந்த ஓலை அடிமை ஓலை. மூலம் ஆண்டானிடம் இருக்கிறது. காப்பிலுள்ள ஆவணம் அவன் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. ஆவணம் வெளியே வந்தால் நியாயமும் கூடவே வரும் என்று நம்பும் நம்முடைய ஆர்வலர் நண்பர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

ஓட்டப்பிடாரத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. பக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சி. 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு, 1801இல் ஊமைத்துரையின் கோட்டையையும் பிடித்த பின், கம்பெனி அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தது, ஊர்ப் பெயரையே கணக்கிலிருந்து நீக்கச் சொன்னது என்று இந்தப் பக்கம் வழிவழியாகச் சொல்வார்கள். (ஸ்வீடனில் அரசாங்கக் காகிதத்தைக் குடிமகன் பார்க்கலாம் என்று சட்டம் வந்தது 1766இல்.) அழிக்கச் சொன்னவர்களின் கடிதக் கட்டுகளிலிருந்துதான் அந்த ஊரின் வரலாற்றைப் பின்னால் வந்தவர்கள் எழுத வேண்டியிருந்தது என்பது இதில் இன்னொரு கொடுமை. வ.உ.சி. வக்கீலாவதற்கு முன் கொஞ்ச காலம் ஓட்டப்பிடாரம் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவர். ராஜதுரோக வழக்கில் நின்ற அந்த மனிதருக்கு அரசாங்கக் காகிதம் எப்படி எழுதப்படுகிறது என்பது உள்ளேயிருந்தே தெரியும். பிறகு 1995 ஆகஸ்ட் 31, கொடியங்குளம். தேவேந்திரகுல மக்களின் அந்த ஊருக்குள் புகுந்த போலீஸ் டிராக்டரையும் தானியத்தையும் நாசமாக்கியதோடு நிற்கவில்லை. படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் துணிமணிகளோடு தீயில் போடப்பட்டதைப் பத்திரிகைகளும் மனித உரிமை அமைப்புகளும் பதிவு செய்திருக்கின்றன. யாருடைய காகிதம் காப்பில் இருக்கும், யாருடைய காகிதம் எரியும் என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை.

இந்தியாவில் தகவல் உரிமைக்கு முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997இல். இருபதுக்கு மேற்பட்ட விதிவிலக்குகளோடு வந்த அந்தச் சட்டம் மேலேயிருந்து வந்தது. வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ராஜஸ்தானில் நடந்தது வேறு. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் கூலிப் பதிவேட்டை ஜனங்கள் நடுவில் உரக்க வாசித்தது. யார் பெயரில் எவ்வளவு கூலி எழுதியிருக்கிறது என்று படிக்கப் படிக்க, நான் வேலைக்கே போகலியே என்று ஒருவர் எழுந்திருக்கிறார். 1996இல் பியாவரில் நாற்பது நாள் தர்ணா. எழுத்தறிவில்லாதவர்கள் நடத்திய ஆவண விமர்சனம் அது. அதன் ஆயுதம் பெயர். பெயரை வாசித்தால்தான் அந்தப் பெயர்க்காரர் எழுந்து மறுக்க முடியும்.

அந்தப் பெயரில்தான் இப்போது கைவைத்திருக்கிறார்கள். 2023இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பு 8(1)(ஜெ) பிரிவில், பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லாத, அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுகிற தனிநபர் தகவலைத்தான் மறுக்கலாம். சம்பந்தமில்லாவிட்டாலும் பொதுநலன் பெரிதென்றால் அதைத் தந்தாக வேண்டும். இப்போது 'தனிநபர் தகவல்' என்ற ஒரு சொல் போதும், மறுத்துவிடலாம். 8(2) பிரிவின் பொதுநலன் வாசல் இன்னும் திறந்திருக்கிறது, அதைப் பிடித்து வாதாடலாம். ஆனால் கூலிப் பட்டியலில் உள்ள பெயர் தனிநபர் தகவல், கான்ட்ராக்டர் பெயரும் தனிநபர் தகவல் என்று ஆரம்பித்தால் கோட் கிரானாவில் வாசிக்க என்ன மிஞ்சும்?

நம் பக்கத்து அழுக்கையும் சொல்லிவிட வேண்டும். தகவல் மனுவை வைத்து மிரட்டிக் காசு பார்க்கிற கூட்டம் ஒன்று எல்லா ஊரிலும் முளைத்திருக்கிறது. அதைக் காட்டியே எல்லாரையும் விரட்டுகிற ஆபீஸ்களும் இருக்கின்றன. ஆபீஸுக்குள் இருப்பவர்கள் எல்லாம் எதிரிகளும் அல்ல. முறப்பநாடு கோவில்பத்து கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் மணல் திருட்டைப் பற்றிப் புகார் கொடுத்ததற்காக 2023 ஏப்ரலில் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். எழுதியவரும் சாகிறார்.

பெரியம்மாவின் இரண்டாவது மனுவுக்கு வருகிறேன். இந்த முறை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'எந்தக் காட்டுல அறுத்துப் பாத்தீகன்னு எழுதிவச்ச காயிதத்தக் குடுங்கன்னு எழுதுய்யா.' குடுங்க. தொல்காப்பியர் கணக்கில் அது உயர்ந்தோன் கூற்று. வாய்மொழியில் அவர் எப்போதும் அந்தப் படியில் நின்றுதான் பேசியிருக்கிறார். எழுத வந்த நாங்கள்தான் அவரைக் கீழே இறக்கினோம். எங்கள் குறுவட்டத்தில் உளுந்துக்கு நடந்த பயிர் அறுவடைப் பரிசோதனைகளின் படிவ நகல்களைத் தருக என்று மட்டும் எழுதி, ஸ்டாம்பு ஒட்டினேன். மனு ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போனது. ஒன்றரை மாதம் ஆயிற்று. வந்த தாள்களில் எடை இருந்தது, தேதி இருந்தது, விவசாயி பெயர் இருந்த கட்டம் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது.

'பேர அழிச்சிட்டாங்க பெரியம்மா. சர்வே நம்பர் மட்டும் இருக்கு.'

'நம்பரச் சொல்லு. யாரு காடுன்னு நான் சொல்லுதேன்.'

சொன்னேன். இரண்டாவது நம்பருக்கே கையை உயர்த்தி நிறுத்தினார்.

'அது மானாவாரி இல்லய்யா. கெணத்துத் தோட்டம்லா. மோட்டார் போட்டு எறைக்கிற பூமி. அதுலயா அறுத்துப் பாத்தாங்க? ம்... அடுத்த நம்பரப் படி.'