அகரவரிசையும் வரலாறும்

மறைநெறிகள், பேய்நம்பிக்கைகள் பற்றிய உசாத்துணை நூல்களை வெறுந் தகவற் களஞ்சியங்களாகக் கொள்ளுதல் பொருந்தாது. தகவல்களை ஒழுங்குபடுத்தும் முறையிலேயே தொகுப்பாளரின் உலகநோக்கு வெளிப்படும். அமெரிக்கச் சமய ஆய்வாளர் ஜே. கோர்டன் மெல்ற்றனின் இரு நூல்கள் இதற்குத் தக்க சான்றுகளாம்.

1978இல் வெளிவந்த 'அமெரிக்கச் சமயங்களின் கலைக்களஞ்சியம்', பிறர் பழித்தொதுக்கிய சிறு குழுக்களையும் நிதானத்துடன் விவரித்து, அவற்றைக் குடும்பங்களாக வகுத்தது. எது எதிலிருந்து கிளைத்தது என்னும் வரலாற்று வினா அங்குண்டு. இரத்தக் காட்டேறிகள் பற்றி 1994இல் அவர் வெளியிட்ட கலைக்களஞ்சியத்திலோ அவ்வினா அகரவரிசையிற் சிதறிவிடுகின்றது. சேர்பியக் கிராமத்துப் பிணமும், பிராம் ஸ்ரோக்கர் 1897இற் படைத்த பிரபுவும், திரைப்பட நடிகரும் ஒரே தளத்தில் நிற்கின்றனர். தகவல்கள் உள, தொடர்பு காணும் பொறுப்பு வாசகனைச் சாருகின்றது.

அத்தொடர்பு சிறிதன்று. 1718இல் ஒஸ்மானியரிடமிருந்து சேர்பியாவின் ஒரு பகுதி ஹப்ஸ்பேர்க் ஆட்சிக்குட்பட்டது. 1732இல் அங்குள்ள மெட்வெஜாக் கிராமத்துப் பிணங்களைத் தோண்டி ஆராய்ந்து அறிக்கை எழுதியவர் ஒரு படைமருத்துவர். குடியானவரின் அச்சம் மேலை ஐரோப்பாவில் அச்சேறியது இத்தகைய இராணுவ நிருவாக ஏடுகள் வாயிலாகவே. 1755இல் மரியா தெரேசா பிணந்தோண்டுதலைத் தடைசெய்தார். 1867இல் மார்க்ஸ், மூலதனம் உழைப்பை உறிஞ்சுமாற்றை விளக்க இப்படிமத்தையே கையாண்டார். எல்லைப்புறக் கிராமத்தின் அச்சம் தொழிற்சாலை யுகத்தின் விமரிசனமாக மாறிய இவ்வரலாற்றை அகரவரிசை காட்டாது.

மெல்ற்றனின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நம்பிக்கையை நகையாடாது பதிவுசெய்தல் ஆய்வின் முதற்படியே. ஆயின், அந்நம்பிக்கை எச்சமூக உறவுகளில் வேர்கொண்டது என வினவாதவிடத்து, கலைக்களஞ்சியமும் விந்தைப் பொருட்களின் கடையாகிவிடும்.