பல்லவியைத் தூக்குவது சாம்பிளிங் அல்ல

இறக்கக்கண்டிப் பாலத்தில் பின்னேரம் நின்றால், புல்மோட்டைப் பக்கம் ஓடுகிற ஓட்டோக்களில் எண்பதுகளின் இளையராஜா கேட்கும். அசல் பாட்டு அல்ல. அடியில் நெஞ்சை இடிக்கிற பேஸ், நடுவில் நாலு வரி ரப், பிறகு மறுபடி அதே பல்லவி. திரையிலும் இப்போது இதுதான் மோஸ்தர். 2025 ஏப்ரலில் வந்த 'குட் பேட் அக்லி'யில் தன் பாட்டுகளை எடுத்துப் போட்டதற்கு ஐந்து கோடி ரூபாய் கேட்டு இளையராஜா நோட்டீஸ் அனுப்பினார். எங்கள் பொடியன்களிடம் அதற்கு ஒரு சமாதானம் தயாராக இருந்தது: "ஹிப்ஹொப்பும் இதைத்தானே செய்தது?"

உரிமையும் பணமும் நீதிமன்றத்தின் பாடு. என் வழக்கு இந்தச் சமாதானத்தோடுதான்.

பழைய பாட்டை எடுத்துப் போடுவதில் நன்மை இல்லாமல் இல்லை. 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்திலிருந்து 'குணா' பாட்டை எடுத்துவிட்டால் அந்தக் குகையே பாதி இருண்டுபோகும். யோகி பியும் நட்சத்ராவும் 2006இல் 'நிழல்கள்' படப் பாட்டொன்றை எடுத்து 'வல்லவன்' தொகுப்பில் போட்டபோது, தமிழில் ரப் எழுதலாம் என்ற துணிவு பலருக்கு வந்தது. சரி, அவ்வளவுதான்.

ஆனால் தொண்ணூறுகளின் ஹிப்ஹொப் ஆட்கள் சாம்பிளிங்குக்காக, அதாவது ஒரு துண்டை வெட்டியெடுத்துப் புதுப் பாட்டில் வைப்பதற்காக, பழைய இசைத்தட்டுகளைக் கிளறித் தேடியது பெரும்பாலும் யாரும் பாடாத இடத்தை. 1993இன் 'மிட்நைட் மரோடர்ஸ்' தொகுப்பின் வாசலிலேயே டிரைப் கோல்ட் குவெஸ்ட் குழு வைத்திருப்பது கேல் சேடரின் தட்டு. லத்தீன் தாளத்தில் வைப்ரபோன் வாசித்த அமெரிக்கர் அவர். அந்த வாத்தியத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பாருங்கள். உலோகப் பட்டைகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழாய், குழாயின் வாயில் மோட்டார் சுழற்றும் சின்னத் தகடு. தகடு திறந்து மூட, அடித்த சுரம் களப்புத் தண்ணீர் மாதிரி அலைகிறது. கொங்காக்கள் கீழே பொரிந்துகொண்டிருக்க, சேடர் ஒரு சுரத்தை அடித்துவிட்டுச் சும்மா இருப்பார். ஒரு துண்டை வெட்டி லூப்பாகச் சுற்றவிடுகிறவனுக்கு அந்தச் சும்மா இருப்புத்தான் வேண்டும். அவன் சொல் அங்கே உட்காரும். சேடரை முன்பின் கேட்டிராதவனுக்கும் அது பிடிக்கும்.

நம் பல்லவி ரீமிக்ஸ் அப்படியா? மூலப்பாட்டைத் தெரியாத ஒருவனுக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள். ஒன்றும் மிஞ்சாது. எடுக்கப்படுவது ஒலி அல்ல, நம் ஞாபகம். எங்கள் மாமாவின் ரேடியோவும், கலியாண வீட்டு லவுட்ஸ்பீக்கரும், இலங்கை வானொலியும் முப்பது வருசமாகச் செய்த வேலைக்கு இவர்கள் கூலி வாங்குகிறார்கள். இதில் காதுக்கு வேலையில்லை. சோம்பலுக்கு ஹிப்ஹொப் என்று பெயர் வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அமெரிக்காவில் பிஸ் மார்க்கி 1991இல் சாம்பிளிங் வழக்கில் தோற்றதும், பஃப் டாடி 1997இல் 'த பொலிஸ்' இசைக்குழுவின் பாட்டை ஏறக்குறைய முழுசாகவே வாரிக்கொண்டதும் எனக்குத் தெரியும். நம்மவர்கள் பள்ளிக்கூடம் போனது அங்கேதான் போலிருக்கிறது. ஆனால் 'மிட்நைட் மரோடர்ஸ்' வந்த அதே 1993இல் ரப் கலைஞர் குரு என்ன செய்தார்? தட்டிலிருந்து வெட்டியது போதாதென்று, வைப்ரபோன் கலைஞர் ரோய் ஏயர்ஸையே தன் 'ஜாஸ்மட்டாஸ்' பதிவுக்கு அழைத்து வாசிக்க வைத்தார். ஏயர்ஸ் 2025 மார்ச்சில் காலமானார். அடுத்த மாதம் நம் ஊர்ச் செய்தி, ராஜாவின் நோட்டீஸ்.

தோண்ட நம்மிடம் என்ன இல்லை? 'சர்வர் சுந்தரம்' படத்தில், 1964இல், இசையமைப்பாளர் விஸ்வநாதன் வாத்தியக் குழுவை நடத்துவதைத் திரையிலேயே காட்டினார்கள். அந்த பொங்கோஸ் அடிக்கு இன்னும் வயசாகவில்லை. ராஜாவின் இரண்டாவது இடையிசைகள் மட்டுமே ஒரு சுரங்கம். அதுவும் வேண்டாம், திருகோணமலைக்குள் வாருங்கள். பறங்கியர் வீட்டுக் கொண்டாட்டங்களில் ஆடப்படும் கஃப்றிஞ்ஞா, போர்த்துக்கேயர் காலத்துக் கலப்பில் பிறந்த ஆறெட்டுத் தாளம், நம் சொந்த லத்தீன். அதில் இரண்டு அடி வெட்டிச் சுற்றவிட்ட ஒரு தமிழ் ரப்பை நான் இன்னும் கேட்கவில்லை.

தம்பிமாரே, பல்லவியை ராஜாவிடமே விட்டுவிடுங்கள். இடையிசையிலிருந்து தொடங்குங்கள்.